கண்ணு பாத்தாச்சா?

என்ஐசியுல, அதான் பொறந்த கொழந்தைங்களுக்கான ஐசியு, நான் வாங்குன மொத திட்டு நூறுக்காக. எங்க புள்ள, தம்பின்னுதான் கூப்பிடுவோம், அவன் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு மேல ஒரு மானிட்டர் இருக்கும், அதுல நீல கலர்ல ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும், ஆக்சிஜன் சாச்சுரேஷன், 88, 90, 93ன்னு ஏறும் எறங்கும், நாள் முழுக்க அதையேதான் பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாள் அது ஏறி ஏறி 100ல போய் அப்படியே நின்னுடுச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல, சிஸ்டர் சிஸ்டர் நூறு வந்துடுச்சு பாருங்கன்னு கூப்ட்டேன். அவங்க வேகமா வந்தாங்க, ஆக்சிஜனை கொறைச்சு விட்டாங்க, "இங்க யாரும் நூறு வாங்கக் கூடாதும்மா, 91லேருந்து 95, அதுக்குள்ளதான் இருக்கணும், நூறு வந்தா உடனே கூப்பிடணும்"ன்னாங்க. ஏன் சிஸ்டர்னு கேட்டேன். கண்ணுக்கு ஆகாதுன்னாங்க. அதுக்குள்ள பக்கத்து பெட்டில அலாரம் அடிச்சுது, போயிட்டாங்க.

மூச்சுக்கு குடுக்குற ஆக்சிஜனுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு அன்னைக்கு நான் தொரத்திப் போய் கேட்டிருக்கணும். கேக்கல. படிச்சவதான் நானு, பிகாம், ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு இருந்தேன், ஒரு பில்லு கொறைஞ்சா நாலு போன் போடுவேன், ஆனா அந்த ரூமுக்குள்ள போனா வாயே வராது. உள்ள போய் வந்தவங்களுக்கு தெரியும்.

தம்பி பொறந்தது 2022 டிசம்பர் 14. கணக்குப்படி மார்ச் ரெண்டாவது வாரம் பொறக்க வேண்டிய புள்ள. 28 வாரம் முடிஞ்ச அன்னைக்கு எனக்கு பிபி ஏறி, தலை சுத்தி, இனிமே உள்ள வச்சா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு அறுத்து எடுத்துட்டாங்க. 1080 கிராம். ஒரு கிலோ சக்கரை பாக்கெட்டோட ஒரு கை சக்கரை கூட போட்ட எடை, அவ்ளோதான். எங்க மாமியார் பட்டுக்கோட்டைலேருந்து பஸ் புடிச்சு திருப்பூர் வந்து பெட்டிக்கு வெளிய நின்னு பாத்துட்டு, "எலிக்குஞ்சாட்டம் இருந்தாலும் மூக்கு எங்க மாமனார் மூக்கு"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய புடிச்சுக்கிட்டுதான் நான் அந்த வாரத்தை ஓட்டுனேன்.

இப்ப ஏன் இதை எழுதுறேன்னா, போன வாரம் எங்க சித்தி பொண்ணு போன் பண்ணா, அவ ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணுக்கு 31 வாரத்துல கொழந்த பொறந்திருக்காம், 1400 கிராம், அக்கா நீ அனுபவப்பட்டவ என்ன பண்ணணும்னு சொல்லுன்னா. நான் கேட்ட மொத கேள்வி, கொழந்தைக்கு இன்னைக்கு எத்தனாவது நாள்? ரெண்டாவது கேள்வி, கண்ணு பாத்தாச்சா? அவ சிரிக்கிறா, ஏன்க்கா, எல்லாரும் எடை ஏறுச்சா பால் குடிக்குதான்னுதான் கேப்பாங்க, நீ கண்ணை கேக்குறன்னு. அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

கண்ணு விஷயம் மொதல்ல சொல்லிடுறேன். கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைன்னு ஒண்ணு இருக்கில்ல, ரெட்டினா, அதுக்கு ரத்தக்குழாய் வயித்துல இருக்கும்போது நாலாவது மாசத்துலதான் மொளைக்க ஆரம்பிக்கும். நடுவுல நரம்பு உள்ள நுழையற எடத்துலேருந்து கெளம்பி ஓரம் வரைக்கும் மெதுவா படரும், மூக்கு பக்கத்து ஓரத்துக்கு எட்டாவது மாச கடைசி ஒம்பதாவது மாசத்துல போய் சேரும், காது பக்கத்து ஓரத்துக்கு போய் சேர 40 வாரம் ஆயிடும். அதாவது பிரசவ தேதி வரைக்கும் வேலை நடந்துட்டேதான் இருக்கு. ஏழாம் மாசம் வெளிய எடுத்தா பாதில நிக்குது.

எங்க ஊரு கடைமடை. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாளாகும், சில வருஷம் வரவே வராதுன்னு எங்களுக்குத்தான் தெரியும். தண்ணி வராத கடைசி வயல்காரன் சும்மா இருப்பானா, கத்துவான், மறியல் பண்ணுவான், ராத்திரியோட ராத்திரியா கரைய வெட்டி விடுவான். கண்ணுக்குள்ளயும் அதேதான் நடக்குதுன்னு எனக்கு பின்னாடி புரிஞ்சுது. மொத சில வாரம் வெளி ஆக்சிஜன் தாராளமா கிடைக்கிறதால குழாய் வளர்றது நின்னு போகுது. அப்புறம் அந்த ஓரத்து ரெட்டினா வளர வளர பசி எடுத்து ரத்தம் ரத்தம்னு சத்தம் போடும், அதுக்கு ஒரு ரசாயனம் சொரக்கும், விஇஜிஎஃப்னு பேரு. அந்த சத்தத்துக்கு குழாய் மொளைக்கும், ஆனா ஒழுங்கா வாய்க்கால் மாதிரி மொளைக்காம கண்டபடி கரைய ஒடைச்சுக்கிட்டு மேல எழும்பி மொளைக்கும், ரத்தம் கசியும், தழும்பாகி சுருங்கும், சுருங்கும்போது ரெட்டினாவையே பிச்சு இழுத்துடும். பிச்சு வந்துட்டா பார்வை போச்சு. இதுக்கு பேருதான் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி, ஆஸ்பத்திரில எல்லாரும் ஆர்ஓபின்னுதான் சொல்வாங்க.

வெளிலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, கண்ணு அழகா கருகருன்னு இருக்கும். அம்மாவால கண்டுபுடிக்கவே முடியாது. கண்ணு டாக்டர் மருந்து விட்டு உள்ள பாத்தாதான் உண்டு. நம்ம நாட்டு கணக்கு, 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்கு கீழ இருந்தாலோ பொறந்து 30 நாளுக்குள்ள கண்ணு பாத்தே ஆகணும். 28 வாரத்துக்கும் கொறைவு, இல்ல 1200 கிராமுக்கும் கீழன்னா அவ்ளோ நாள் கூட கிடையாது, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள. எங்க புள்ள 1080. அப்ப ஜனவரி 4க்குள்ள பாத்திருக்கணும்.

ஜனவரி 4 புதன்கிழமை. அந்த ஆஸ்பத்திரிக்கு கண்ணு டாக்டர் புதன்கிழமைதான் வருவாரு. அன்னைக்கு தம்பிக்கு மூச்சு விட்டு விட்டு நின்னுட்டு இருந்துச்சு, காலைலேருந்து நாலு தடவை தட்டி தட்டி மூச்சு விட வச்சாங்க, இந்த நெலமைல கண்ணை தொட வேணாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னாங்க. சரின்னு தோணுச்சு, நியாயம்தானே. அடுத்த புதன் 11ஆம் தேதி, கண்ணு டாக்டர் லீவு. அடுத்த புதன்னா பொங்கல் தாண்டி 18. யாரும் வேற டாக்டரை கூப்பிடுவோம்னு சொல்லல, எனக்கும் கேக்கத் தெரியல. இதுல யாரையும் பேர் சொல்லி திட்ட நான் இங்க வரல, எனக்கு உயிரோட புள்ளைய குடுத்தவங்களும் அவங்கதான். ஆனா பொங்கல் வரைக்கும் கண்ணு காத்திருக்குமான்னு ஒருத்தர் கூட யோசிக்கலையேங்கிற ஆத்திரம் இன்னும் போகல, அந்த ஒருத்தர்ல நானும் சேத்திதான்.

14ஆம் தேதி போகி. வெளிய ஊரெல்லாம் பொகை. உள்ள தம்பி ஒடம்பு சாம்பல் கலருக்கு மாறிட்டான். மொத நாள் வரைக்கும் 20 மில்லி பால் ட்யூப்ல போயிட்டு இருந்தது, அன்னைக்கு வயிறு உப்பி பால் செரிக்கல, மூச்சு நிக்குறது அதிகமாச்சு, ப்ளேட்லெட் 38 ஆயிரத்துக்கு எறங்கிடுச்சு. கிருமி தொத்துன்னு ஆன்டிபயாடிக் மாத்துனாங்க, ரத்தம் ஏத்துனாங்க, என்ன கிருமின்னு வளத்துப் பாக்க கல்ச்சர் டெஸ்ட் அனுப்புனா அதுல ஒண்ணும் வளரல. கல்லீரல் மண்ணீரல் ரெண்டும் வீங்கிருக்குன்னாங்க. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல கோயம்புத்தூர் மாத்துனோம், பெரிய எடத்துக்கு. அவிநாசி தாண்டி ரோட்டோரம் மாட்டுக்கு பெயின்ட் அடிச்சு பலூன் கட்டி நிறுத்தி வச்சிருந்தாங்க, அது மட்டும் ஏனோ நல்லா ஞாபகம் இருக்கு, மத்ததெல்லாம் மங்கல்.

அங்க ஒரு வயசான கொழந்தை டாக்டர், கல்ச்சர்ல ஒண்ணும் இல்ல, ப்ளேட்லெட் மட்டும் எறங்குது, எனக்கு வைரஸ் சந்தேகமா இருக்குன்னு சொல்லி யூரின் எடுத்து பிசிஆர் அனுப்பச் சொன்னாரு. 19ஆம் தேதி ரிசல்ட். சிஎம்வி பாசிட்டிவ். சைட்டோமெகலோ வைரஸ்.

எனக்கு மொதல்ல தோணுனது, யாருகிட்டேருந்து வந்துச்சு, எந்த சிஸ்டர் கை கழுவல, யாரு சளியோட உள்ள வந்தாங்கன்னுதான். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ஸ்டூல் போட்டு உக்காந்தாலே நமக்கு வயித்தை கலக்கிடும்ல. "அம்மா, இது பெரும்பாலும் உன் பால்லேருந்து வந்திருக்கும்மா"ன்னாரு.

நான் என்ன பதில் சொன்னேன்னு ஞாபகமே இல்ல. வீட்டுக்காரர் சொல்வாரு, நான் ஒண்ணுமே சொல்லாம கைல இருந்த பால் பாட்டிலை பைக்குள்ள வச்சு ஜிப்பு போட்டேனாம்.

அந்த பாலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மொத நாலு நாள் சொட்டு கூட வரல. அப்புறம் ரெண்டு மில்லி, சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்துட்டு லிஃப்டுக்கு கூட நிக்காம மாடி ஏறி ஓடுவேன். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி ரெண்டு மணி, அஞ்சு மணி அலாரம் வச்சு எந்திரிச்சு, பக்கத்துல புள்ள இல்லாம, மெஷினை வச்சு பால் எடுக்குறது இருக்கே, அது ஒரு தனி கொடுமை. அத்தை மல்லிப்பட்டினத்துல சொல்லி வச்சு பால் சுறா வாங்கி ஐஸ் பெட்டில போட்டு பஸ்ல கொண்டு வந்து புட்டு பண்ணி குடுத்தாங்க, பூண்டை பால்ல வேக வச்சு குடுத்தாங்க. அவ்ளோ பண்ணி எடுத்த பாலு. அதுல வைரஸ்னா?

டாக்டர் பொறுமையா சொன்னாரு. சிஎம்வி இல்லாத பெரியவங்க நம்ம நாட்டுல ரொம்ப கம்மி, இந்த ரூம்ல இருக்குற எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும், சின்ன வயசுல வந்து சாதாரண காய்ச்சல் மாதிரி போயிருக்கும், போனது போகாம உள்ள ஒளிஞ்சுக்கும். அம்மை போட்டவங்களுக்கு அந்த வைரஸ் உள்ளயே தங்கி பல வருஷம் கழிச்சு அக்கியா வருதில்ல, அந்த குடும்பத்தை சேந்ததுதான் இதுவும். பால் சொரக்கும்போது அந்த எடத்துல அது முழிச்சுக்கும், ஒடம்புல சிஎம்வி இருக்குற அம்மாங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல பால்ல வரத்தான் செய்யும். நெற மாசத்து புள்ளைக்கு கடைசி மூணு மாசம் அம்மா ரத்தத்துலேருந்து எதிர்ப்பு சக்தி போய் சேந்துடும், அதனால அதுங்களுக்கு வந்த சுவடே தெரியாது. உன் புள்ளைக்கு அந்த மூணு மாசம் கிடைக்கல. அவ்ளோதாம்மா, உன் மேல தப்பு ஒண்ணும் இல்லன்னாரு.

வயித்துல இருக்கும்போதே தொத்தியிருக்குமான்னு இவரு கேட்டாரு. அது வேற, அதுதான் ரொம்ப மோசமான வகையாம், மூளை, காது, கண்ணு மூணையும் அடிக்கும். ரெண்டையும் பிரிச்சு சொல்லணும்னா பொறந்து 21 நாளுக்குள்ள எச்சிலோ யூரினோ எடுத்து பாத்திருக்கணும், அதுக்கப்புறம் பாசிட்டிவ் வந்தா எப்ப தொத்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது. எங்களுக்கு அப்ப 36ஆம் நாள். பாருங்க, இங்கயும் ஒரு தேதி தாண்டிப் போச்சு. தலை ஸ்கேன்ல சுண்ணாம்பு படியல, தலை சுத்தளவு சரியா இருக்கு, மொத ஒரு மாசம் ப்ளேட்லெட் நல்லா இருந்திருக்கு, அதனால பால் வழியாத்தான் இருக்கணும்னு அவரா ஒரு முடிவுக்கு வந்தாரு.

அப்ப பால் நிறுத்திடவான்னு கேட்டேன். நிறுத்தாதன்னாரு. ஏற்கனவே தொத்திடுச்சு, இனிமே நிறுத்தி ஒண்ணும் ஆகப் போறதில்ல, மத்த எல்லாத்துக்கும் அந்த பால்தான் மருந்து, கொடல் அழுகாம இருக்குறதுக்கும், ஏன், கண்ணு கெடாம இருக்குறதுக்கும் தாய்ப்பால் நல்லதுதான்னாரு. 20 டிகிரி மைனஸ்ல ஒறைய வச்சா வைரஸ் கொறையும், முழுசா சாகாது, 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடு பண்ணா செத்துடும், ஆனா பால்ல இருக்குற நல்லதும் கொஞ்சம் கூடவே செத்துடும். எல்லாத்தையும் கேட்டுட்டு வெளிய வந்து அத்தைகிட்ட சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம், "தாய்ப்பால்ல வெசம்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்ல, அந்த டாக்டர் நிறுத்தச் சொல்லலைல்ல? அப்ப வா, வந்து சாப்ட்டு எடு"ன்னு கேரியரை தொறந்தாங்க. நான் அன்னைக்கு அழுதது அந்த கேரியர் முன்னாடிதான்.

மருந்து கான்சைக்ளோவிர், கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்குல ஒரு நாளைக்கு ரெண்டு வேளை நரம்புல. அதை கலக்கும்போது சிஸ்டருங்க ரெண்டு கிளவுஸ், மாஸ்க் போட்டுட்டுதான் தொடுவாங்க, அவ்ளோ வீரியமான மருந்து, வெள்ளை அணுவை எறக்கிடுமாம், வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் எடுப்பாங்க. அவங்க தொட பயப்படுறதை என் புள்ள நரம்புல ஏத்துறாங்களேன்னு பாத்துட்டு நிப்பேன்.

அன்னைக்கு ராத்திரி அந்த மருந்தை ஏத்திட்டு இருந்த சிஸ்டர், நாகர்கோவில் பக்கம்னு நெனைக்கிறேன், அந்த பேச்சு, ஃபைலை புரட்டிக்கிட்டே சாதாரணமா கேட்டாங்க. "பிள்ளைக்கு கண்ணு பாத்தாச்சா?"

இல்லையேன்னேன். அவங்க கை நின்னுச்சு. பழைய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்து ஒவ்வொரு வரியா வெரலை வச்சு பாத்தாங்க. கடைசி பக்கத்துல கீழ, ஆர்ஓபி ஸ்கிரீனிங் அட்வைஸ்ட். பண்ணியாச்சுன்னு இல்ல, பண்ணணும்னு சொல்லிருக்கோம்னு அர்த்தம். யாருகிட்ட சொன்னாங்க, எப்ப சொன்னாங்க? இங்க இருக்குற டாக்டருங்க அந்த வரியை பாத்துட்டு அங்கயே முடிஞ்சிருக்கும்னு நெனைச்சிருக்காங்க. ப்ளேட்லெட் ப்ளேட்லெட்னு ஆளாளுக்கு வைரஸ் பின்னாடியே ஓடுனதுல 36 நாள் ஓடிப் போச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலைல கண்ணு டாக்டரம்மா வந்தாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி பால் நிறுத்திட்டாங்க, கண்ணு விரிய சொட்டு மருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டாங்க, தம்பியை ஒரு வெள்ளத் துணில பொரி உருண்டை மாதிரி இறுக்கி சுத்துனாங்க. வாயில ரெண்டு சொட்டு சக்கரைத் தண்ணி. அப்புறம் ஒரு குட்டிக் கம்பி, ஊக்கை விட கொஞ்சம் பெருசு, அதை வச்சு இமைய விரிச்சு நிறுத்துனாங்க. அந்த கண்ணு எவ்ளோ இருக்கும்ங்கறீங்க, ஒரு நாவப்பழக் கொட்டை அளவு. இன்னொரு கம்பியால வெள்ளை முழிய ஓரத்துல லேசா அமுக்கி, தலைல மாட்டுன லைட்டோட கைல லென்ஸை புடிச்சு குனிஞ்சு பாத்தாங்க. தம்பி கத்துன கத்து எனக்கு கேக்கல, ஏன்னா அவனுக்கு கத்த சத்தமே கிடையாது, வாய் மட்டும் தொறக்கும். என்னைய வெளிய போகச் சொன்னாங்க, நான் போகல.

ஒவ்வொரு பெட்டிக்கும் போறப்ப அந்தம்மா புதுசா கிளவுஸ் போட்டாங்க, லென்ஸை தொடைச்சாங்க, தலைல மாட்டுன லைட்டையும் தொடைச்சாங்க, கம்பி புது பாக்கெட் பிரிச்சாங்க. ரொம்ப சுத்தம் பாக்குறாங்களேன்னு அப்ப தோணுச்சு. பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, 2016ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு பெரிய கொழந்தைங்க ஆஸ்பத்திரி என்ஐசியுல 23 கொழந்தைங்களுக்கு அடினோ வைரஸ் பரவியிருக்கு, நமக்கெல்லாம் மெட்ராஸ் ஐ வரவைக்குற கூட்டம்தான் அது, எப்படி பரவுச்சுன்னு தோண்டிப் பாத்தா இந்த ஆர்ஓபி பாக்குற லென்ஸும் தலை லைட்டும் வழியா. கண்ணை காப்பாத்த வந்த கருவியே வைரஸை ஒரு பெட்டிலேருந்து இன்னொரு பெட்டிக்கு தூக்கிட்டுப் போயிருக்கு. படிச்சதுக்கப்புறம் அந்தம்மாவை நெனைச்சு கையெடுத்து கும்பிட்டேன்.

பாத்து முடிச்சுட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, சிஎம்வி கண்ணுக்குள்ள போயிருந்தா ரத்தக்குழாய் ஓரமா வெள்ளை வெள்ளையா திட்டு, நடுவுல ரத்தக்கசிவு தெரியும், அது இல்ல. நான் மூச்சு விடுறதுக்குள்ள ரெண்டாவது. ஆர்ஓபி இருக்கு, ரெண்டு கண்ணுலயும், ஸ்டேஜ் 3, ப்ளஸ். அஞ்சு ஸ்டேஜ்ல மூணு. ப்ளஸ்னா நடுவுல இருக்குற குழாயெல்லாம் வீங்கி நெளிஞ்சு பாம்பு மாதிரி ஆயிடுச்சுன்னு அர்த்தம், அவசரம்னு அர்த்தம். ரெண்டு மூணு நாளுக்குள்ள லேசர் பண்ணணும், நாளைக்கே பண்ணிடலாம்னாங்க. இந்த வைரஸாலதான் கண்ணு கெட்டுச்சான்னு கேட்டேன். நேரா வைரஸ் பண்ணலம்மா, ஆனா ஒடம்பு கெட்டு, ஆக்சிஜன் ஏத்தி எறக்கி, ரத்தம் ஏத்தி, ப்ளேட்லெட் எறங்கி, இது ஒவ்வொண்ணும் ஆர்ஓபிய தள்ளி விடுறதுதான்னாங்க.

ஊசி போடலாம்னும் ஒரு வழி இருக்காம், அந்த விஇஜிஎஃப் சத்தத்தை அடக்குற மருந்தை கண்ணுக்குள்ளயே போடுறது. ஆனா அது பண்ணா பல மாசம் கழிச்சு கூட திரும்ப வரலாம், விடாம வந்து காட்டணும், உங்க புள்ளைக்கு குழாய் ஓரளவு தூரம் வளந்திருக்கு, லேசர் போதும்னாங்க. லேசர்னா என்ன பண்றாங்கன்னா, குழாய் போகாத அந்த ஓரத்து ரெட்டினாவை புள்ளி புள்ளியா சுட்டு விட்டுடுறாங்க. அந்த கடைசி வயலை தரிசா போட்டுடுறாங்கன்னு வச்சுக்கோங்களேன். அங்கேருந்து சத்தம் வராது, கரை ஒடையாது, நடுவுல இருக்குற நல்ல வயல் தப்பிக்கும். ஓரப் பார்வை கொஞ்சம் போகும். ஒரு கண்ணுக்கு ஆயிரம் புள்ளிக்கு மேல சுட்டாங்க.

21ஆம் தேதி சனிக்கிழமை, தை அமாவாசை. நாள் கெழமை பாக்குற அத்தைகிட்ட எப்படி சொல்றதுன்னு நான் தயங்குனா, அவங்க, "நெறஞ்ச அமாவாசை, இன்னைக்கு பண்ணா நல்லதுதான்"ன்னு சொல்லிட்டு விரதத்தோட வெளிய உக்காந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஆச்சு. வெளிய கொண்டு வந்தப்ப ரெண்டு இமையும் வீங்கி, குஸ்தி போட்டுட்டு வந்தவன் மாதிரி இருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பாத்தப்ப ப்ளஸ் அடங்கிடுச்சுன்னாங்க.

அந்த நாள்லதான் ராத்திரி பால் எடுத்துக்கிட்டே போன்ல படிப்பேன். இந்த நோயை மொதல்ல எழுதி வச்சவரு பாஸ்டன்ல டெர்ரின்னு ஒரு கண்ணு டாக்டர், 1942ல. அதுக்கு முந்தின வருஷம் 1941லதான் சிட்னில கிரெக்னு இன்னொரு கண்ணு டாக்டர், மாசமா இருக்கும்போது அம்மாவுக்கு ருபெல்லாங்கிற வைரஸ் நோய் வந்தா புள்ளைக்கு கண்புரை வருதுன்னு கண்டுபுடிச்சாரு, அவரு க்ளினிக்ல காத்துட்டு இருந்த அம்மாங்க பேசிக்கிட்டதை கேட்டுத்தான் அவருக்கு பொறி தட்டுச்சுன்னு சொல்வாங்க. கண்ணு கெட்டதுக்கு ஒருத்தரு வைரஸை புடிச்சாரு, ஆனா டெர்ரிக்கு காரணம் புடிபடல. அது ஆக்சிஜனா இருக்கலாம்னு 1951ல மெல்போர்ன்ல கேட் கேம்ப்பெல்னு ஒரு டாக்டரம்மா எழுதுனாங்க, அப்புறம் அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி உறுதியாச்சு. அதுக்குள்ள உலகம் பூரா சுமார் 10,000 கொழந்தைங்களுக்கு கண்ணு போயிடுச்சு. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950ல ஆறு வாரம் முன்னாடி பொறந்தவரு, அவருக்கு பார்வை போனது இதாலதான். சரி ஆக்சிஜனை கொறைப்போம்னு ஒரேயடியா கொறைச்சா, கண்ணு தப்பிச்சுது, மூச்சுக்கு ஏங்கி கொழந்தைங்க செத்துச்சு, மூளை பாதிச்சுது. அந்த ரெண்டுக்கும் நடுவுல பல வருஷமா தேடித் தேடி வந்து நின்ன எடம்தான் அந்த சிஸ்டர் சொன்ன 91லேருந்து 95. இதை படிச்சப்ப ராத்திரி ரெண்டே கால், எனக்கு அந்த நூறு ஞாபகம் வந்து கை நடுங்கிடுச்சு.

இன்னொண்ணும் படிச்சேன், அது தூக்கத்தை கெடுத்துடுச்சு. 1996ல சென்னைல ஒரு அரசு ஆஸ்பத்திரில 29 வாரத்துல, 1250 கிராம்ல பொறந்த பொண்ணு. கண்ணு பாக்கணும்னு யாரும் சொல்லல. தெரிய வந்தப்ப ஸ்டேஜ் 5. அவங்கப்பா விடாம கேஸ் நடத்தி, 2015 ஜூலை 1 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, இனிமே ஆகப் போற செலவுக்கு 1 கோடியே 38 லட்சம், அதுவரைக்கும் ஆனதுக்கு தனியா 42 லட்சத்துக்கு மேல. அந்த அப்பா ஒரு கேள்வியை தூக்கிக்கிட்டு 19 வருஷம் நடந்திருக்காரு. எங்களுக்கு அந்த கேள்வியை ஒரு சிஸ்டர் ராத்திரி ஷிஃப்ட்ல கேட்டுட்டாங்க, வித்தியாசம் அவ்ளோதான். அந்த சிஸ்டர் அன்னைக்கு லீவு போட்டிருந்தா? இதை நெனைக்கக் கூடாதுன்னு இவரு திட்டுவாரு.

இந்த டிசம்பர் வந்தா தம்பிக்கு மூணு முடியுது. மைனஸ் 5 பவர் கண்ணாடி, லேசர் பண்ண புள்ளைங்களுக்கு கிட்டப்பார்வை வர்றது சகஜம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பின்னாடி எலாஸ்டிக் வச்ச கண்ணாடி, அதை கழட்டி எங்க வேணா போடுவான், போன மாசம் அரிசி டப்பாக்குள்ள கெடந்துச்சு, அதுக்கு முந்தி ரெண்டு நாள் வீடே தலைகீழா தேடினோம். இடது பக்கம் ஓரத்துல வர்ற நாயை கொஞ்சம் லேட்டாத்தான் பாக்குறான். காது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும், வயித்துலயே தொத்தியிருந்தா பின்னாடி கூட காது போகலாம், நமக்கு அது உறுதியா தெரியாததால விடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்த டெஸ்டுக்கு தூங்கணும், அதனால காலைலேருந்து தூங்க விடாம வச்சிருந்து கூட்டிட்டுப் போவோம், இவன் கரெக்டா பஸ்ல தூங்கி ஆஸ்பத்திரி வாசல்ல முழிச்சுக்குவான். ரெண்டு தடவை திரும்பி வந்துட்டோம்.

சித்தி பொண்ணுக்கு அன்னைக்கு போன்லயே எல்லாம் சொன்னேன். கொழந்தைக்கு அன்னைக்கு 26ஆம் நாள். டாக்டர் என்ன சொல்லிருக்காங்கன்னு விசாரிக்கச் சொன்னா, டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதித் தருவாங்களாம்னா. எழுதித் தர்றது வேணாம், பாக்கச் சொல்லு, அங்க ஆள் இல்லன்னா பாக்குற எடத்துக்கு எழுதி வாங்கிட்டு தூக்கிட்டுப் போகச் சொல்லு, மதுரை கோயம்புத்தூர் சென்னைல எல்லாம் இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கன்னு கத்தியே சொல்லிட்டேன். பாவம், அந்த பொண்ணுக்கு என்னைய தெரியவே தெரியாது.

28ஆம் நாள் சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. அக்கா பாத்தாச்சு, ஸ்டேஜ் 1தானாம், இப்ப ஒண்ணும் பண்ண வேணாமாம், ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லிருக்காங்க. ரெண்டு வாரம்னா எந்த தேதி, என்ன கெழமை, அன்னைக்கு அந்த டாக்டர் லீவு இல்லையேன்னு திருப்பி அனுப்பிருக்கேன். ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் வரல. நாளைக்கு காலைல போன் போடணும்.